ரசீதுப் புத்தகத்தின் விலை

“மன்றம் நடத்துவதற்கு விதிகள் எதற்கு, தோழர்? நாங்கள் என்ன தாலுகா ஆபீஸா நடத்துகிறோம்?”

பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவர் சென்ற மாதம் என்னிடம் இப்படிக் கேட்டார். நல்ல பையன். நிறையப் படிக்கிறவர். அவரும் அவருடைய நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து வாசகர் மன்றம் ஒன்று துவக்க விரும்புகிறார்கள். அதற்கு யோசனை கேட்க வந்தார்கள். “முதலில் விதிகளை எழுதுங்கள்” என்றேன். எல்லோருடைய முகமும் சுருங்கிவிட்டது. எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம், யாரைப் பேச அழைக்கலாம் என்று ஆசையோடு வந்தவர்களிடம் கோரம், ரசீது, வவுச்சர் என்று பேசினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பல்கலைக்கழகத்துக்குள் கூட்டம் பேசப் போயிருக்கிறேனே தவிர, படிக்கப் போனதில்லை. இவன் என்ன எங்களுக்குச் சொல்வது என்று மாணவத் தோழர்கள் நினைத்தால் அதில் தப்பில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். அந்தத் தவறுக்கு விலை கொடுத்தது நானல்ல, வேறொருவர். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கல்வி நிலையத்தில் மாணவர்கள் இதே மாதிரி ஒரு மன்றம் ஆரம்பித்தார்கள். துவக்க விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நான் பேசி முடித்த பிறகு, பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவி எழுந்து, “சந்தாவுக்கு ரசீதுப் புத்தகம் அச்சடிக்க வேண்டுமா, கடையில் விற்கிறதே போதுமா?” என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, “தோழர்களுக்குள் என்னம்மா ரசீது?” என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார்.

இத்தனைக்கும் நான் விசைத்தறித் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்து வளர்ந்தவன். எங்கள் சங்கத்தில் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் வாங்க மாட்டோம். ஒரு மூத்த தோழர் பொருளாளராக இருந்தார். அவருக்குக் கையெழுத்துப் போடவும் எண்களை எழுதவும் மட்டுமே தெரியும். ராத்திரி எத்தனை மணியானாலும் அன்றைய ரசீது அடிக்கட்டைகளைக் கூட்டிப் பார்த்து, தகர டப்பாவில் இருக்கிற காசோடு ஒத்துக்கொண்ட பிறகுதான் படுப்பார். 1926-ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் 6-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. அங்கத்தினர் பட்டியல் வைக்க வேண்டும், நிதி எதற்குச் செலவாகும் என்று எழுதி வைக்க வேண்டும், வருஷத்துக்கொரு முறை தணிக்கை வேண்டும், கணக்குப் புத்தகத்தை அங்கத்தினர் பார்க்க வசதி வேண்டும் என்றெல்லாம் அது சொல்லியது. அந்த மூத்த தோழர் அந்தப் பிரிவைப் படித்ததில்லை. ஆனால் அதில் உள்ளதையெல்லாம் செய்தார்.

அப்படிப்பட்ட சங்கத்திலிருந்து வந்த நான் மாணவர்களிடம் ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துப் பார்த்தால் காரணம் ஒன்றுதான். மாணவர் மன்றம் என்றால் விளையாட்டு என்ற எண்ணம் என் மனதில் ஏதோ ஒரு மூலையில் இருந்திருக்கிறது.

அந்த மன்றம் இரண்டு நாள் புத்தகக் கண்காட்சி நடத்தியது. 58 பேரிடம் தலைக்கு 200 ரூபாய் வசூலித்தார்கள். மொத்தம் 11,600 ரூபாய். பெரும்பாலோர் பொருளாளரின் செல்போனுக்கே பணத்தை அனுப்பிவிட்டார்கள். அவருடைய கல்வி உதவித்தொகை, ஊரிலிருந்து தாய் அனுப்புகிற பணம், மன்றத்தின் பணம் எல்லாம் ஒரே கணக்கில் கலந்தன. கண்காட்சி முடிந்தது. பில் இருந்த செலவு 7,450 ரூபாய். மிச்சம் 4,150 இருக்க வேண்டும். இருந்தது 900.

3,250 ரூபாய் எங்கே? “காரியதரிசி அண்ணன் கேட்டார், ரொக்கமாகக் கொடுத்தேன்” என்றார் பொருளாளர். காரியதரிசி அதற்குள் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். வாட்ஸ்அப்பில் கேட்டபோது “ஞாபகம் இல்லை” என்று இரண்டு வார்த்தை எழுதினார். அவ்வளவுதான். 58 பேர் இருக்கும் குழுவில் யாரோ ஒருவர் குத்தலாக ஒரு வரி எழுதினார். இன்னொருவர் சிரிக்கும் பொம்மை போட்டார்.

அந்தப் பெண்ணின் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். தாய் அப்போது நூறு நாள் வேலைக்கும், அது இல்லாத நாளில் களையெடுக்கவும் போய்க்கொண்டிருந்தவர். மகள் பத்து நாள் வகுப்புக்குப் போகவில்லை என்று தெரிந்து பஸ் ஏறி வந்தார். விஷயத்தைக் கேட்டார். திரும்பிப் போய்க் காதுத் தோட்டை அடகு வைத்து, மூன்றாம் நாள் 3,250 ரூபாயைக் கொண்டுவந்து மன்றத் தலைவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் வாங்கிக்கொண்டார். அதற்கும் ரசீது இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து உண்மை தெரிந்தது. பந்தலுக்கும் பேனருக்கும் 2,400, டீக்கடைக்கு 850. இரண்டும் காரியதரிசி வாய்வார்த்தையாகச் சொல்லி, பொருளாளர் கொடுத்து, யாரும் எழுதாமல் விட்ட செலவு. காரியதரிசி திருடன் அல்ல. பரீட்சையும் பயிற்சியுமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பையன், அவ்வளவுதான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தோடு மீண்டது. அந்தப் பெண் படிப்பையும் முடித்தார். ஆனால் மன்றத்தின் பக்கம் அப்புறம் வரவே இல்லை. பஸ் நிலையத்தில் பார்த்தால் எனக்கு வணக்கம் சொல்வார். நானும் சொல்வேன்.

ரசீதுப் புத்தகம் கடையில் என்ன விலை விற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

விதி யாருக்குப் பாதுகாப்பு?

வசதியுள்ள வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? “கணக்கில் ஏதோ குழப்பம்” என்று சொல்லியிருப்பார்கள். கூலிக்காரி மகள் என்பதால் “எடுத்திருப்பாள்” என்று ஆகிவிட்டது. எழுதி வைத்த கணக்கு இல்லாத இடத்தில் ஊர் வழக்கம்தான் தீர்ப்புச் சொல்கிறது. ஊர் வழக்கம் யார் பக்கம் பேசும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆகவே, விதி என்பது அதிகாரத்துக்காரன் பிடித்து வைத்திருக்கிற தடி என்று மட்டும் பார்க்கிற அபிப்பிராயம் சரியல்ல. மன்றத்தில் மிகவும் பலவீனமான அங்கத்தினருக்கு விதிதான் முதல் துணை.

பண விஷயத்தில் செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. மன்றப் பணம் எவருடைய சொந்தக் கணக்கிலும் கலக்கக் கூடாது. கல்லூரி அங்கீகாரம் இருந்தால் மன்றத்தின் பெயரிலேயே கணக்குத் திறந்து, இரண்டு கையெழுத்தில் பணம் எடுக்க ஏற்பாடு செய்யலாம். அது முடியாத சின்ன மன்றமாக இருந்தால், வேறு எதற்கும் பயன்படுத்தாத தனிக் கணக்கு ஒன்றை ஒதுக்கி, வாரம் ஒரு முறை அதன் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். செல்போனில் வந்த பணத்துக்கும் ரசீது போடுங்கள். செலவுக்குப் பில் கிடைக்காத இடத்தில், டீக்கடையில் பில் ஏது, ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, தொகை, காரணம் எழுதி வாங்கியவரும் கொடுத்தவரும் கையெழுத்துப் போட்டால் அதுவே வவுச்சர். இவ்வளவு ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கமிட்டித் தீர்மானம் வேண்டும் என்று ஒரு வரம்பு வையுங்கள். காரியதரிசி வாயால் சொல்கிறவர், பொருளாளர் எழுதிக் கேட்கிறவர். பொருளாளர் “எழுதிக் கொடுங்கள் அண்ணா” என்று சொன்னால் காரியதரிசி கோபித்துக்கொள்ளக் கூடாது. இதையும் விதியாகவே எழுதலாம் என்பது என் அபிப்பிராயம்.

நாம் எழுதாவிட்டால்

இன்னொரு விஷயம். நம்முடைய விதியை நாம் எழுதாவிட்டால், மேலே உள்ளவர்கள் எழுதிய விதி சும்மா இருக்காது.

2015-ம் ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே 2014 ஏப்ரல் 14-ந் தேதி, அம்பேத்கர் பிறந்த நாளில், அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் துவங்கியது. ஒரு வருஷம் கூட்டங்களும் விவாதங்களும் நடத்தியது. பெயரில்லாத ஒரு புகார் மத்திய மனிதவள அமைச்சகத்துக்குப் போனது. அமைச்சகம் விளக்கம் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியது. மே மாதம் 22-ந் தேதி வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. நிர்வாகம் என்ன காரணம் சொன்னது? அம்பேத்கரைப் படித்தார்கள் என்றா சொன்னது? இல்லை. மாணவர் அமைப்புகளுக்கு உள்ள விதிகளை மீறிவிட்டார்கள், அனுமதியில்லாமல் கல்வி நிலையத்தின் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்றுதான் சொன்னது. எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார்கள் மாணவர்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஜூன் 7-ந் தேதி அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

அந்த மாணவர்கள் போராடினார்கள், வென்றார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கருத்தைப் பிடிக்காதவன் கருத்தைப் பற்றிப் பேசுவதில்லை, விதியைப் பற்றித்தான் பேசுகிறான் என்பதைக் காட்டவே சொல்கிறேன். ஆகவே கல்லூரியின் விதிப் புத்தகத்தை முதலில் வாங்கிப் படியுங்கள். மண்டபம் கேட்டால் எழுதிக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். நகல்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அநியாயமான விதியை எதிர்த்து நிற்பது உங்கள் உரிமை, அதைப் பகிரங்கமாக, தீர்மானம் போட்டுச் செய்யுங்கள். ஆனால் ஒரு கடிதம் எழுதச் சோம்பேறித்தனப்பட்டு மன்றத்தைப் பூட்டுப் போட விடாதீர்கள். அது போராட்டம் அல்ல.

மேலேயிருந்து வரும் விதிகள் எல்லாமே கெட்டவை என்றும் சொல்ல மாட்டேன். லிங்டோ கமிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாள் தலைமைத் தேர்தல் கமிஷனர் ஜே.எம். லிங்டோ தலைமையில் அமைந்த இந்தக் கமிட்டியின் சிபாரிசுகளை அமலாக்கும்படி 2006 செப்டம்பர் 22-ந் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான் வேண்டும், முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை காரும் பிரியாணியுமாக ஓட்டு வாங்குவதைத் தடுக்கிற இந்த விதிகளை நாம் ஏன் எதிர்க்க வேண்டும்? ஆனால் நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒரே ஒரு தடவைதான் போட்டியிடலாம் என்றும் இருக்கிறது. இது அனுபவசாலிகள் உருவாவதையே தடுக்கிறது. குற்ற வழக்கில் விசாரிக்கப்பட்டவரோ தண்டிக்கப்பட்டவரோ நிற்க முடியாது என்பது அதைவிட மோசம். ஊர்வலம் போனதற்கு வழக்குப் போடுவது நம் நாட்டுப் போலீசுக்கு எவ்வளவு நேரமாகும்?

அதே சிபாரிசில் இன்னொன்றும் இருக்கிறது. நிர்வாகமே மாணவப் பிரதிநிதிகளை நியமிக்கிற முறை தற்காலிக ஏற்பாடுதான், ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த ஐந்து ஆண்டு 2011-லேயே முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இன்றும் மாணவர் பேரவைத் தேர்தல் நடப்பதில்லை. மாணவன் மீறினால் உடனே நடவடிக்கை. நிர்வாகம் மீறினால்?

டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வேறு மாதிரி. அங்கே மாணவர் சங்கத்துக்கு மாணவர்களே எழுதிய அமைப்புச் சட்டம் இருந்தது. தேர்தலை நடத்துகிற கமிட்டியும் மாணவர்கள்தான். வாக்குப் பதிவுக்கு முன்னால் தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் எல்லோரும் ஒரே மேடையில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். 2008-ல் லிங்டோ சிபாரிசுக்கு ஒத்துவரவில்லை என்று அந்தத் தேர்தல் நிறுத்தப்பட்டு, 2012 மார்ச்சில்தான் மீண்டும் நடந்தது. இடையில் அந்த மாணவர்கள் கோர்ட்டுக்குப் போய் வாதாட முடிந்தது என்றால், வாதாடுவதற்குக் கையில் சொந்தமாக ஒரு சட்டம் இருந்தது. கையில் ஒன்றுமே இல்லாதவன் எதை வைத்து வாதாடுவான்?

கூட்டம் எப்போது, யார் பேசுவது?

விதிகளில் கணக்குக்கு அடுத்தது கூட்டம். வாட்ஸ்அப் குழுவில் பத்துக் கட்டைவிரல் விழுந்தால் தீர்மானம் நிறைவேறிவிட்டதாக இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. அது கூட்டம் அல்ல. செய்தி சொல்ல அந்தக் குழு உதவும். முடிவு எடுக்க எல்லோரும் ஓரிடத்தில் உட்கார வேண்டும். நாட்டின் பாராளுமன்றத்துக்கே பத்தில் ஒரு பங்கு என்று கோரம் இருக்கிறது. அறுபது பேர் உள்ள மன்றத்தில் நாலில் ஒரு பங்காவது வேண்டாமா? என்ன பேசினோம் என்பதை மினிட் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாற்றுக் கருத்து சொன்னவர் பெயரையும் எழுதுங்கள். இன்று ஒற்றை ஆளாக நிற்பவர் நாளை சரியாக இருந்துவிடலாம்.

ஒரு மன்றத்தில் பெண்கள் ஏன் வருவதில்லை என்று காரியதரிசி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். கூட்டம் எங்கே, எப்போது என்று கேட்டேன். ஆண்கள் விடுதி மொட்டை மாடியில், ராத்திரி ஒன்பது மணிக்காம்! பெண்கள் விடுதிக் கதவு அதற்கு முன்பே சாத்தப்படுகிறது. எப்படி வருவார்கள்? விடுதிக் கதவின் நேரத்தை எதிர்த்துப் போராடுவது ஒரு வேலை. அதுவரை சாயந்திரம் நாலரை மணிக்கு வகுப்பறையில் கூடுவது இன்னொரு வேலை. இரண்டும் மன்றத்தின் கடமை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய கிராமத்து மாணவருக்கும் இதே நியாயம்தான். தமிழ் வழியில் படித்து வந்தவர் ஆங்கிலப் பேச்சைக் கேட்டு வாயடைத்து உட்கார்ந்திருக்கிற மன்றத்தில், எத்தனை கூட்டம் நடந்தாலும் நாலு பேர்தான் பேசுவார்கள்.

அங்கத்தினர் எவராவது மற்றொருவரிடம் முறைகேடாக நடந்துகொண்டால் அதை மன்றத்துக்குள் பேசி மூடிவிடக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகாராக இருந்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் அதில் உட்கார வேண்டும். அந்தக் குழு எங்கே இருக்கிறது, யாரிடம் புகார் கொடுப்பது என்பதை மன்றத்தின் பலகையில் எழுதிப் போடுங்கள்.

நம் தோழர்களுக்கு

இனி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. மன்றக் கூட்டத்துக்கு முந்தின நாள் நம் மாணவத் தோழர்கள் ஐந்து பேர் தனியே கூடி எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, மறு நாள் மற்றவர்களைக் கை தூக்கச் சொல்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது தப்பு. மன்றம் கட்சியின் கிளை அல்ல. அதில் காங்கிரஸ் வீட்டுப் பிள்ளை இருப்பார், கழகத்துக்காரர் இருப்பார், எதிலும் சேராதவர் நிறையப் பேர் இருப்பார்கள். சந்தா எல்லோரும் கொடுக்கிறார்கள். 1936-ல் லக்னோவில் அகில இந்திய மாணவர் சம்மேளனம் அமைந்தபோது ஜவஹர்லால் நேரு துவக்கி வைத்தார், முகமது அலி ஜின்னா தலைமை வகித்தார். அந்த இரண்டு பேரையும் ஒரே மேடையில் உட்கார வைத்த மாணவர்களின் பரம்பரை நாம். நம் கருத்தை மன்றத்துக்குள் வாதாடி வெல்லுவோம். தோற்றால், தோற்றதை மினிட் புத்தகத்தில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

தொழிற்சங்கத்துக்கும் மாணவர் மன்றத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தறித் தொழிலாளி இருபது வருஷம் அதே சங்கத்தில் இருப்பார். மாணவர் மூன்று வருஷத்தில் போய்விடுவார். எத்தனையோ மன்றங்கள் சண்டையால் சாகவில்லை, நிர்வாகிகள் பட்டம் வாங்கிக்கொண்டு போனதால் செத்திருக்கின்றன. புத்தக அலமாரியின் சாவி ஒருவரிடம், பாஸ்வேர்டு ஒருவரிடம், கணக்கு நோட்டு யாரிடம் என்றே தெரியாது. ஆகவே கடைசி வருஷ மாணவர்களைப் பொருளாளராகப் போடாதீர்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்பே புதிய கமிட்டியைத் தேர்ந்தெடுத்து, பழையவர்களும் புதியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து ரொக்கம், ரசீதுகள், புத்தகங்கள், சாவி, பாக்கிக் கடன் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். கணக்கைக் கமிட்டியில் இல்லாத இரண்டு அங்கத்தினர் தணிக்கை செய்யட்டும்.

என்னிடம் வந்த மாணவர்கள் போன வாரம் மறுபடி வந்தார்கள். விதிகளை எழுதிவிட்டார்கள், மொத்தம் இரண்டு பக்கம். செலவு வரம்பை ஐந்நூறு ரூபாய் என்று வைப்பதா, ஆயிரம் என்று வைப்பதா என்று இரண்டு மணி நேரம் சண்டை போட்டார்களாம். தாலுகா ஆபீஸ் பற்றிக் கேட்ட அந்தப் பையன்தான் ஐந்நூறு என்று பிடிவாதமாக நின்றவர். கையோடு ஒரு ரசீதுப் புத்தகமும் கொண்டுவந்திருந்தார்கள். நூறு ரூபாய் நன்கொடை கொடுத்தேன். முதல் ரசீது எனக்குத்தான். பெயரில் ஓர் எழுத்துத் தப்பாக இருந்தது. பொருளாளர் அதை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, அடிக்கட்டையிலும் அதேபோல் திருத்திய பிறகுதான் கிழித்துக் கொடுத்தார்.